ராகு காலத்தில் ஸ்கேன்

1. கம்ப்யூட்டருக்கு நற்சான்று

“ஏட்டி விஜயா, டைப் அடிக்கதுக்கு வேகமான பிள்ளை ஒண்ணு பாத்தாச்சு. திங்கக்கெழம வருகு. அதுக்குள்ள நீ வந்து பாஸ்வேர்டை எல்லாம் மாத்தித் தரணும், கேட்டியா?”

போனில் பேசியவர் சிவதாணு அண்ணாச்சி. தக்கலையில் கல்யாணக் கார்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறார். நான் அவருக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவள். பெயர் விஜயகுமாரி. ஸ்குரூ டிரைவர் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு குழித்துறைக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையே இருபத்தாறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். புதிய வாடிக்கையாளர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்து, “இன்ஜினியர் பொறவு வருவாரா?” என்று கேட்பதுண்டு. “இன்ஜினியர் வந்தாச்சு, ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுங்க” என்பேன்.

அந்தக் கடையில் டைப் அடிப்பவள் ஷீலா. பதினாறு வருடமாக அதே நாற்காலி, அதே கீபோர்டு.

“ஷீலா எங்க போறா அண்ணாச்சி?”

“அவள நிறுத்தணும் மக்கா. நல்ல பிள்ளைதான், நான் கொறை சொல்லல்ல. ஆனா கை இப்பம் பையத்தான் ஓடுகு. காலைல நல்லா அடிக்கா. பதினொண்ணு மணிக்குச் சாயா குடிச்சிட்டு வந்து உக்காந்தாச்சுன்னா, ஒரு கார்டு எடுக்க சாயங்காலம் ஆவுகு. ஆவணி முகூர்த்தம் வருகு. நான் என்ன செய்ய?”

“கம்ப்யூட்டர் எப்படிப் போகு?”

“கம்ப்யூட்டருக்கு ஒரு கொறையும் இல்லா. ஆளுதான் சரியில்ல.”

என் அனுபவத்தில் எல்லோரும் தங்கள் தப்பைக் கம்ப்யூட்டர் தலையில்தான் கட்டுவார்கள். கம்ப்யூட்டருக்கு நற்சான்று கொடுத்த ஒரே மனிதர் அண்ணாச்சி. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நான் சர்வீஸ் பார்க்கும் மெஷின் ஆயிற்றே என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துகூடப் போனேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

2. ராசி எந்த பார்ட்டில் இருக்கிறது

அந்த மெஷினைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். டூயல் கோர் பிராசஸர், ரெண்டு ஜிபி ராம், தட்டு சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க். சிபியு நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணாச்சியே புதிதாக வைப்பார். டிவிடி டிரைவின் வாய்க்குள் சந்தனம் போய் அது திறக்காமலே போயிற்று.

“ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுவோம் அண்ணாச்சி, பறக்கும்” என்று நான் மூன்று முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

“இது வந்த பொறவாக்கும் நான் கடையை விரிச்சது. ராசியான மெஷின். அதுல கை வைக்காத.”

“மெஷின் அப்படியே இருக்கட்டும். உள்ள ஒரு பார்ட்டு மட்டும்தான்.”

“எந்தப் பார்ட்டுல ராசி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

அது எந்த சர்வீஸ் மேனுவலிலும் இல்லை. ராமைக் கூட்டவும் விடவில்லை. கழற்றும்போது ராசி கலைந்துவிடுமாம்.

அண்ணாச்சிக்கு எல்லாமே நேரம் பார்த்துத்தான். ராகு காலத்தில் புது ஆர்டர் வாங்க மாட்டார், பிரிண்டுக்குக் கொடுக்க மாட்டார். அந்த ஒன்றரை மணி நேரம் கம்ப்யூட்டர் பக்கம் யாரும் போகக் கூடாது. ஷீலாவும் அவரும் உட்கார்ந்து கவர் மடிப்பார்கள், கார்டு மூலையில் மஞ்சள் தடவுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு கார்டின் ப்ரூஃபையும் அண்ணாச்சி எழுத்தெழுத்தாகப் படித்து, வலது மூலையில் சிவப்பு மையில் ‘சரி’ என்று எழுதினால்தான் அது பிரிண்டுக்குப் போகும். மணமகன் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணில் படாமல் போகாது. அப்படிப்பட்ட கண்ணுக்கு ஷீலா விஷயம் தப்பாகப் பட்டுவிட்டது.

3. பதினொன்றரை மணி

மறுநாள் வியாழக்கிழமை. நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. அண்ணாச்சி முன்பக்கம் ஒரு கல்யாண வீட்டாருக்குச் சாம்பிள் கார்டு காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஷீலா. மூக்கில் புதுக் கண்ணாடி.

“அக்கா, பாஸ்வேர்டு மாத்த வந்தியளா?” என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முகத்தைத் திருப்பாமல் அடித்துக்கொண்டே கேட்டாள். “நீ அடி, நான் பாக்கேன்” என்றேன்.

பார்த்தேன். ஷீலாவின் விரல்கள் கீபோர்டில் சடசடவென்று போயின. திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. அவள் ‘திருநிறைச்செல்வி’ என்று முழுக்க அடித்து முடித்து, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ‘தி’ வந்தது. கொஞ்சம் பொறுத்து ‘ரு’ வந்தது. மீதி எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.

அவள் அடுத்த வரியை அடித்தாள், மறுபடி கையை மடியில் வைத்தாள். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அவள் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும்.

குனிந்து சிபியுவைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் லைட் மினுக் மினுக்கென்று விட்டு விட்டு எரிய வேண்டும். அது சிவப்பாக நின்று எரிந்தது. உள்ளே எந்த வேலை ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைக் கூப்பிட்டேன். அது வருவதற்கே இரண்டு நிமிடம். உள்ளே பார்த்தால் டிஸ்க் நூறு சதவீதம். மேலே நின்றது ஆன்டிவைரஸ். அதற்கு அடுத்தது? இன்னொரு ஆன்டிவைரஸ்.

“இது யாரு மக்கா போட்டது?”

“அண்ணாச்சிக்க மச்சினர் மகன் அக்கா. பொங்கல் சமயம் மஸ்கட்ல இருந்து லீவுக்கு வந்தப்பம் போட்டுக் குடுத்தான். அங்க கம்பெனில எல்லாம் இதுதானாம். ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானேன்னு அண்ணாச்சியும் சொன்னாரு.”

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பந்தியில் ஒருவர் இலை போடுகிறார், இன்னொருவர் பின்னாலேயே வந்து அந்த இலையை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார், முதலாமவர் மறுபடி வந்து அவர் பார்த்தது சரிதானா என்று பார்க்கிறார் என்றால் சோறு எப்போது விழும்? ஒரு மெஷினில் இரண்டு ஆன்டிவைரஸ் என்பது அதுதான். அதுவும் ரெண்டு ஜிபி ராமில். போதாக்குறைக்கு அந்த மெஷினில் நாலாயிரம் ஃபாண்ட். டிசைன் சாஃப்ட்வேர் திறக்கும்போதெல்லாம் நாலாயிரத்தையும் இரண்டு பேரும் முறை வைத்துச் சோதித்தார்கள். ஷீலா எத்தனை ஃபாண்ட் பயன்படுத்துகிறாள் என்று கேட்டேன். பதினொன்று என்றாள்.

அதெல்லாம் நாள் முழுக்க இருக்கும் தொல்லை. பதினொன்று மணிக்கு மேல் மட்டும் ஏன் இப்படி? அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். பழைய ஆன்டிவைரஸின் ஷெட்யூலைத் திறந்தேன்.

ஃபுல் ஸ்கேன். தினமும். காலை 11.00.

அந்தப் பதினொன்றை வைத்தவள் நான்.

4. சாயா நேரம்

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அந்த ஆன்டிவைரஸைப் போட்டுவிட்டு, “மெஷின் எப்பம் சும்மா இருக்கும்?” என்று இதே ஷீலாவிடம்தான் கேட்டேன். “பதினொண்ணு மணிக்குச் சாயா குடிக்கப் போவோம் அக்கா” என்றாள். ஆகா, நல்ல நேரம் என்று பதினொன்று வைத்தேன். அன்றைக்கு டிஸ்க்கில் இருந்தது கொஞ்சம்தான். அவர்கள் சாயா குடித்து வாய் துடைத்து வருவதற்குள் ஸ்கேன் முடிந்துவிடும். நான் பெருமையாக சிபியு பக்கவாட்டில் என் பெயர் போட்ட சர்வீஸ் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தக்கலை சுற்றுவட்டாரத்து மாப்பிள்ளை, பெண் போட்டோ எல்லாம் அந்த டிஸ்க்கில் வந்து குடியேறிவிட்டன. பழைய கார்டு டிசைன் ஒன்றைக்கூட அண்ணாச்சி அழிக்க விடமாட்டார். டிஸ்க் நிறைய நிறைய ஸ்கேன் நீண்டது. சாயா நேரத்தில் முடிந்த வேலை மத்தியானச் சோறு வரை போய், பிறகு சாயங்காலம் நாலு மணியைத் தொட்டுவிட்டது. நான் இடையில் பல தடவை வந்திருக்கிறேன். மவுஸ் மாற்றியிருக்கிறேன், பிரிண்டர் பார்த்திருக்கிறேன். ஷெட்யூலைத் திறந்து பார்க்கவில்லை. நான் வைத்ததுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு திமிர்.

“புதுப் பிள்ளை எப்பம் வந்து அடிச்சுக் காட்டினா?” என்று மெல்லக் கேட்டேன்.

“நேத்து காலைல. ஒம்பதேகாலுக்கு. நல்ல நேரம் பாத்து வரச் சொல்லியிருந்தாரு. அஞ்சு நிமிசத்துல ஒரு கார்டு அடிச்சிட்டா அக்கா.” ஷீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நல்ல வேகம்தான். நானும் முன்ன அப்படித்தான் அடிப்பேன்.”

எனக்கு விஷயம் முழுக்க விளங்கிவிட்டது. புதுப் பெண்ணுக்குக் கிடைத்தது ஒன்பதேகால் மெஷின். ஷீலாவுக்கு வாய்த்தது பன்னிரண்டு மணி மெஷின். அண்ணாச்சி இரண்டு பேரையும் எடைபோட்டுவிட்டார், தராசு மாறியதைப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, இங்க ஒரு நிமிசம் வாங்க” என்று குரல் கொடுத்தேன்.

வந்தார். நாற்காலியைக் காட்டினேன். “உங்க பேரை அடிங்க.”

“நான் என்னத்துக்கு அடிக்கணும்?”

“சும்மா அடிங்க.”

அண்ணாச்சி ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறவர். குத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி குத்தினார். “என்னட்டி இது?” என்று ஐந்தாறு தடவை ஓங்கிக் குத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் ‘சிசிசிசிசிசிசி’ என்று ஒரு வரிசை வந்தது. முன்பக்கம் நின்ற கல்யாண வீட்டு அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“அண்ணாச்சிக்கும் கை பையத்தான் ஓடுகு” என்றேன்.

“சவம், இதுக்கு என்னட்டி வந்தது?”

இரண்டு ஆன்டிவைரஸ் கதையைச் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “அப்பம் அந்த மஸ்கட்டுப் பயலாக்கும் காரணம்?”

இந்த இடத்தில்தான் நான் வழுக்கப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். அந்தப் பையன் மஸ்கட்டில் இருக்கிறான், வந்து கேட்கப்போவதில்லை. பாதிக் குற்றம் உண்மையிலேயே அவனுடையதுதான். மீதிப் பாதியையும் கூடவே தள்ளிவிட்டு, பதினொன்றைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, நல்ல பேரோடு வீட்டுக்குப் போய்விடலாம். வாயைத் திறந்தும்விட்டேன்.

அப்போது ஷீலா சொன்னாள்: “எனக்கு வயசாயிட்டுன்னுல்லா நெனச்சேன். கண் டாக்டர்கிட்ட போய் இந்தக் கண்ணாடி போட்டேன். ராத்திரி கையில கொட்டஞ்சுக்காதி தைலம் தேய்ச்சுட்டுப் படுக்கேன். ஆறேழு மாசமா எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு...” முடிக்கவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணாடியை மறுபடி துடைத்தாள். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நல்ல கெட்டிக்காரி, என் ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின் முன்னால் உட்கார்ந்து தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறாள்.

“அண்ணாச்சி, அவன் பாதிதான். பதினொண்ணு மணி வெச்சது நான்” என்று சொல்லிவிட்டேன். சாயா நேரத்துக் கதை முழுவதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அண்ணாச்சி என் ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்பம் மாத்த வேண்டியது ஷீலாவை இல்ல, உன்னையாக்கும்!”

“ஆமா அண்ணாச்சி.”

“பாஸ்வேர்டும் உனக்குத் தெரியாமல்லா மாத்தணும்!”

“மாத்துங்க.”

அவர் சிரித்துவிட்டார். ஷீலா சிரிக்கவில்லை. பதினாறு வருடத்தில் அவள் அண்ணாச்சியிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினாள்.

“அந்தப் பிள்ளைய நல்ல நேரம் பாத்து அடிக்கச் சொன்னிய அண்ணாச்சி. என்னைய எப்பவும் மத்தியானம்தான் பாத்திய.”

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மூன்று சாயாவும் பொதியில் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு தானே வந்தார். பெரிய பழம்பொரியை எடுத்து ஷீலா பக்கம் வைத்தார். கல்யாண வீட்டு அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது.

5. பஞ்சாங்கம் பார்த்து ஒரு ஷெட்யூல்

மஸ்கட்டு ஆன்டிவைரஸைக் கழற்றினேன். அதைக் கழற்றுவதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பயன்படாத ஃபாண்டுகளை எடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்தேன். “அழிக்கல்லையே?” என்று அண்ணாச்சி நாலு தடவை கேட்டார். அழிக்கவில்லை.

ஆன்டிவைரஸே வேண்டாம் என்று விடவும் முடியாது. கார்டு கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பென் டிரைவோடு வருவார்கள். ஃபோல்டரை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸ் ஊர் ஊராக அப்படித்தான் சுற்றுகிறது. ஒருநாள் காவல் இல்லாமல் விட்டால் ஒரு ஊர்க் கல்யாணமே காணாமல் போகும். ஆகவே ஸ்கேன் நடக்க வேண்டும், மெஷின் சும்மா இருக்கும்போது நடக்க வேண்டும். ராத்திரி மெஷினை ஓடவிட அண்ணாச்சி சம்மதிக்க மாட்டார்.

“பகல்ல எப்பமாவது இது சும்மா இருக்குமா?” என்று அலுத்துக்கொண்டேன்.

ஷீலா சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். “ராகு காலத்துல தொடமாட்டோமே அக்கா.”

இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை. டிஸ்க்கை ஐந்து பங்காகப் பிரித்தேன். செவ்வாய் மூன்று மணி, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை, வெள்ளி பத்தரை, சனி ஒன்பது. ஒவ்வொரு ராகு காலத்துக்கும் ஒரு பங்கு. திங்கள் ராகு காலம் கடை திறக்கும் முன்பே முடிந்துவிடும். ஞாயிறு கடை லீவு. பென் டிரைவை மட்டும் செருகியவுடனே பார்க்கும்படி வைத்தேன்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “கொள்ளாம்! கெட்டதைத் தேட கெட்ட நேரம்தான் சரி” என்று ஏதோ சாஸ்திரமே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்.

“ஆனா அக்கா, எங்க சர்ச் ஆளுகளுக்கு ராகு காலம் கிடையாதே. புதன்கெழம பன்னெண்டு மணிக்கு வந்து நிப்பாங்களே” என்றாள் ஷீலா. அவர்கள் வந்தால் அந்த நேரத்திலும் கடை வேலை செய்யும். அது அண்ணாச்சி வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்த விஷயம்.

சரி என்று ஷீலாவுக்கு ஸ்கேனை நிறுத்திவைக்கும் பட்டனைக் காட்டிக்கொடுத்தேன். ஆள் வந்தால் நிறுத்து, போனதும் ஓடவிடு. அந்தப் பட்டனை அழுத்த ஷீலாவைத் தவிர வேறு யாருக்கும் உரிமை கிடையாது என்று அண்ணாச்சி முன்னாலேயே சொன்னேன்.

திங்கட்கிழமை வர இருந்த பெண்ணுக்கு அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நான் என் தலையில் எடுத்துக்கொண்டேன். குழித்துறையில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவளை அங்கே சேர்த்துவிட்டேன். அங்கே மெஷின் புதுசு.

6. இப்போது நான் கேட்பது

ஆன்டிவைரஸ் போடுவது சின்ன வேலை. போட்ட பிறகு அந்த மெஷின் நிறைந்துகொண்டே போகிறது, நாம் வைத்த மணி அப்படியே நிற்கிறது. இது தெரிந்த பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று யார் கூப்பிட்டாலும், “எத்தன மணிக்கு?” என்றுதான் முதலில் கேட்கிறேன். அங்கே போனதும் ஸ்டிக்கரில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கிறேன். என் பெயர் இருந்தால் என்னிடமிருந்துதான் சோதனை தொடங்குகிறேன். எந்த ஆபீசிலாவது, “கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, ஆளுதான் சரியில்ல” என்று சொல்லிவிட்டால் ஸ்கூட்டரை இன்னும் வேகமாக விடுகிறேன்.

ஆவணி முகூர்த்தம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு புதன்கிழமை பன்னிரண்டரைக்கு அந்தப் பக்கம் போனேன். அண்ணாச்சி கவர் மடித்துக்கொண்டிருந்தார். டிஸ்க் லைட் நின்று எரிந்தது. ஷீலா கார்டு மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். மூக்கில் கண்ணாடி இல்லை.

“கண்ணாடி எங்க மக்கா?”

“டாக்டர் அப்பமே தேவையில்லன்னுதான் சொன்னாரு அக்கா. நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு சிபியுவைக் கண்ணால் காட்டினாள்.

என் ஸ்டிக்கருக்கு மேலே ஒரு கல்யாணக் கார்டு ஒட்டியிருந்தது. நல்ல கனமான அட்டை, பொன் எழுத்து. ஷீலா தனக்குப் பிடித்த ஃபாண்டில் அடித்திருந்தாள்:

‘ராகு காலத்தில் பைய ஓடுவது கம்ப்யூட்டர் மட்டுமே என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் நல்வரவை விரும்பும், ஷீலா.’

குனிந்து பார்த்தேன். கார்டின் வலது மூலையில் சிவப்பு மையில், அண்ணாச்சியின் கையெழுத்தில், ‘சரி’ என்று எழுதியிருந்தது.